தொண்டும் முகாமைத்துவக் கல்வியும்

"வேதனமின்றித் தொண்டு செய்த எனக்கு வியாபார நிருவாக முதுமாணி வகுப்பில் இடம் கிடைக்குமா, ஐயா?" என்று நம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர் என்னை வினவினார். அவர் பசறைப் பகுதித் தோட்டமொன்றில் மாலை வகுப்பு நடத்துபவர். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியபோது, நிவாரண முகாமில் பணிபுரிந்தவர்.

விண்ணப்பத்துக்கென அவர் தமிழில் எழுதிய வரைவைப் படித்தேன். "ஏழை மக்களுக்குச் சேவை செய்தோம், மனநிறைவு பெற்றோம்" என்பதே அதன் சாரம். எத்தனை பேருக்கு, எவ்வளவு காலம், எவ்வளவு செலவில் என்பன அதில் இல்லை. 'நான்' என்ற சொல்லும் இல்லை.

தொண்டு வேறு, வியாபாரம் வேறு என நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஒப்புரவைப் பாடிய வள்ளுவரே, செலவையும் வரவையும் பின்விளையும் ஊதியத்தையும் ஆராய்ந்து செயலில் இறங்குக என்றும் 'தெரிந்து செயல்வகை'யில் அறிவுறுத்தினார். மதுரையில் வைத்தியர் வெங்கடசாமி அரசாங்க சேவையினின்றும் ஓய்வுபெற்றபின், 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் வைத்தியசாலையைத் தொடங்கினார். வசதியுள்ளோர் செலுத்திய கட்டணத்தைக்கொண்டு இல்லாதோர்க்கும் பார்வை அளித்த அம்முறையை, அமெரிக்காவின் ஹார்வர்ட் வியாபாரக் கல்லூரி மாணவர்க்குப் பாடமாக வைத்தது. குறைந்த வளங்கொண்டு நிறைந்த பயன் காண்பதே முகாமைத்துவம். அதனைத் தொண்டர் அன்றாடம் பயில்கின்றனர்.

ஆயினும் கூடை நிறைந்திருக்கின்றது என்று கூறினாற் போதாது. கொழுந்தை நிறுத்த பின்னரே கணக்கில் பதிவர். தேர்வுக் குழுவினரும் அத்தகையோரே. பிரித்தானியாவின் செவனிங் புலமைப்பரிசில் 2 ஆண்டுத் தொழில் அனுபவத்தை, அதாவது 2,800 மணித்தியாலங்களை, வேண்டி நிற்கின்றது. வேதனமில்லாத் தொண்டும் அதில் கணிக்கப்படும். வாரம் 10 மணித்தியாலம் தொண்டு செய்பவர் அத்தொகையை எட்ட ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகும். ஆதலின் நாளும் நேரமும் குறித்து வைத்தலும், பொறுப்பானவரிடம் அத்தாட்சிக் கடிதம் பெறுதலும் முதற்கடமைகள். நிபந்தனைகள் மாறக்கூடுமாதலால், அவ்வவ்வாண்டின் அறிவித்தலையும் நோக்குக. நம் நாட்டிலும் 1986இல் தோன்றிய பட்டப்பின் முகாமைத்துவ நிறுவகம், ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து இக்கல்வியை அளித்து வருகின்றது.

நிற்க. அந்த மாணவரிடம், "உமது வகுப்பில் தவறியது யாது?" என்று கேட்டேன். அவர் தயங்கினார். கொழுந்து மிகுந்த மாதங்களில் பிள்ளைகளின் வரவு பாதியாகக் குறைந்ததாம். தாய்மார் மலையிலிருந்து பிந்தித் திரும்ப, மூத்த பிள்ளைகள் தம்பி தங்கையரைப் பார்க்க லயத்தில் தங்கிவிட்டனர். அதனை அறிந்து அவர் வகுப்பு நேரத்தை மாற்றினார். சிறு குழந்தைகளையும் அழைத்துவர இடமளித்தார். வரவு மீண்டது. வெட்கமெனக் கருதி அவர் மறைத்த இச்செய்தியே, குறையைக் கண்டு, காரணம் ஆய்ந்து, தீர்த்த திறனுக்குச் சான்று. வரைவை அதிலிருந்தே தொடங்குமாறு கூறினேன்.

அவர் விண்ணப்பம் சென்றுவிட்டது. முடிவு இனித்தான் வரும். மாணவர்காள், செய்ததைக் கூட்டியுங் குறைத்தும் சொல்லாதீர். கற்றபின் யாருக்குப் பயன்படுவீர் என்பதையுந் தெளிந்து எழுதுக. வங்கிகளிலும் வர்த்தக நிலையங்களிலும் உயர்ந்து விளங்கும் பழைய மாணவர்காள், இத்தகைய இளைஞர்க்கு நேர்முகப் பரீட்சைப் பயிற்சியளிக்க ஆண்டுக்கு ஒரு நாள் தாருங்கள். நம் கல்லூரி விழாவுக்கு அதனினும் சிறந்த காணிக்கை வேறில்லை.