ஒரே இருப்புப்பாதையில் தந்தையும் மைந்தரும்

சென்னையிலிருந்து ஆம்பூருக்கோ வாணியம்பாடிக்கோ இரயிலில் செல்லும்போது, அரக்கோணத்தைக் கடந்ததும் சன்னலோரம் சற்றே விழித்திருங்கள். அன்வர்திகான்பேட்டை என்றொரு சிறிய நிலையம் வரும். அதன் பின் மகேந்திரவாடி, சோளிங்கர், தலங்கை; அடுத்து வாலாஜா ரோடு. முதலில் வருவது தந்தையின் பெயர். கடைசியில் நிற்பது மைந்தரின் பெயர். இடையிலுள்ள மகேந்திரவாடியில் பல்லவ மன்னர் மகேந்திரவர்மர் பாறையைக் குடைந்து எழுப்பிய கோயில் இன்றும் இருக்கிறது.

எங்கள் கே.ஜி.கண்டிகை மக்தபில் ஒருநாள், "வாலாஜா என்பவர் யார்?" என்று பிள்ளைகளிடம் கேட்டேன். ஒருவன் எழுந்து, "பிரியாணிக் கடைக்காரர், ஹஜ்ரத்" என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். வீடு திரும்பும்போதுதான் மனம் உறுத்தியது. அவனுக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டியவன் நானன்றோ? அடுத்த விடுமுறையில் பிள்ளைகள் எண்மருடன் திருத்தணியில் ஏறி, அரக்கோணத்தில் வண்டி மாறி, மேற்கு நோக்கிப் பயணமானேன்.

நாங்கள் சென்ற அந்தப் பாதை சாமானியமானதன்று. 1853இல் பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே இந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஓடியது. அதே ஆண்டில் சென்னை இராயபுரத்திலும் இருப்புப்பாதைப் பணி தொடங்கிற்று. 1856 ஜூலை முதல் நாள் தென்னிந்தியாவின் முதல் இரயில் பொதுமக்களை ஏற்றிக்கொண்டு இராயபுரத்திலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடி வாலாஜா ரோட்டில் நின்றது. அக்காலத்தில் அந்நிலையத்தை ஆற்காடு என்றே குறித்தனர். இராயபுரம் நிலையத்தின் தூண்கள் நிறைந்த பழங்கட்டடம் இன்றும் நிற்கிறது.

பெயருக்குரியவர்களைப் பற்றியும் வண்டியிலேயே சொன்னேன். நவாப் அன்வருத்தீன் கான் கர்நாடகத்தை ஆண்டவர். 1749 ஆகஸ்ட் 3ஆம் நாள் சந்தா சாஹிபும் பிரெஞ்சுப் படையும் சேர்ந்து வந்தபோது, ஆம்பூர்ப் போர்க்களத்தில் முதிய வயதில் வீழ்ந்தார். அந்த ஆம்பூரும் இதே பாதையில்தான் இருக்கிறது. அவருடைய மைந்தர் முஹம்மது அலி திருச்சிராப்பள்ளிக்குத் தப்பிச் சென்றார். அவருக்குத் துணையாக ஆங்கிலேயர் வந்தனர். 1751இல் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து, சந்தா சாஹிபின் மகன் ராஜா சாஹிபின் முற்றுகையை 50 நாட்கள் தாங்கி நின்றார். 'வாலாஜா' என்பது பின்னர் முஹம்மது அலிக்கு முகலாயப் பேரரசர் அளித்த பட்டம். 1795இல் அவர் வஃபாத்தாகும்வரை நவாபாகவே இருந்தார். ஆனால் துணைக்கு வந்தவர்களிடமே கடனாளியாகிப் போனார். கோட்டையைக் காத்துத் தந்தவர் வாசலை விட்டு நகர்வாரா, என்ன? 1801இல் கும்பெனியார் ஆட்சியையே எடுத்துக்கொண்டனர்; நவாப் என்ற பெயர் மட்டும் எஞ்சியது.

"ஹஜ்ரத், நவாப் இந்த இரயிலில் போயிருக்கிறாரா?" என்று ஒரு பிள்ளை கேட்டான்.

இல்லை. கடைசி நவாப் குலாம் கௌஸ் கான் 1855 அக்டோபரில் ஆண் வாரிசின்றி வஃபாத்தானார். கும்பெனியார் நவாப் பட்டத்தையே ஒழித்துவிட்டனர். ஒன்பது மாதங்கூட நிறையுமுன் அவருடைய முன்னோரின் தலைநகரை நோக்கி இரயில் வந்து சேர்ந்தது. அதைக் காண நவாப் என்று ஒருவர் இல்லை. 'ஆற்காடு இளவரசர்' என்ற பட்டம் அக்குடும்பத்திற்குப் பின்னர்தான் கிடைத்தது.

வாலாஜா ரோடு நிலையம் ஊருக்குள் இல்லை. ஊருக்குச் செல்லும் சாலை பிரியுமிடத்தில் நிலையம் அமைந்தால், ஊர்ப்பெயரோடு 'ரோடு' என்று சேர்ப்பது இரயில்வேயின் வழக்கம். பேருந்து பிடித்து வாலாஜாபேட்டைக்குச் சென்றோம். 1866இலேயே நகராட்சியான ஊர் அது. அங்கிருந்து பாலாற்றைக் கடந்து ஆற்காட்டுக்குப் போனோம். கோட்டை அழிந்துவிட்டது, டெல்லி வாசல் மட்டும் நிற்கிறது. பிள்ளைகள் படியேறி ஆற்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தனர். திப்பு மஸ்தான் அவுலியாவின் தர்காவுக்கும் சென்றோம். அந்த மகானின் பெயரையே ஹைதர் அலி தம் மகனுக்குச் சூட்டினார் என்று சொன்னபோது, பிள்ளைகள் வியப்போடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

பக்கத்து ஊரான மேல்விஷாரத்துக்குச் செல்ல நேரமில்லை. அவ்வூரின் வள்ளல் சி. அப்துல் ஹக்கீம் அவர்கள், இரயிலில் சென்னைக்கு வரும் முஸ்லிம்கள் தங்குவதற்கென்று சென்ட்ரல் நிலையத்தருகே சித்தீக் சராயைக் கட்டியவர். அவருடைய கதையை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. அன்வர்திகான்பேட்டையில் வண்டி ஒரு நிமிடம் நின்றது. பிரியாணிக் கடைக்காரர் என்று சொன்ன பிள்ளை என் தோளில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தான். எழுப்பிப் பெயர்ப்பலகையைக் காட்டினேன். எழுத்துக் கூட்டி மெல்லப் படித்தான்.

"வாலாஜாவோட அத்தா" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் உறங்கிப் போனான்.