அரசியல் போலச்செய்தல் நகைச்சுவை

அரசியல் போலச்செய்தல் நகைச்சுவை என்பது, மக்கள் நன்கறிந்த ஓர் அரசியல்வாதியின் குரல், பேச்சுநடை, உடல்மொழி, உடை ஆகியவற்றைக் கலைஞர் ஒருவர் ஏற்று நடித்துச் சிரிப்பை உண்டாக்கும் கலைவடிவம் ஆகும். பேச்சுவழக்கில் இது மிமிக்ரி என அழைக்கப்படுகிறது. பலகுரல் என்னும் சொல்லும் வழக்கில் உண்டு. எனினும் பலகுரல் என்பது குரலைப் போன்று பேசுவதை மட்டுமே குறிப்பது. போலச்செய்தலில் குரலுடன் தோற்றமும், அந்த அரசியல்வாதியின் கருத்துகளும் செயல்களும் சேர்ந்தே கேலிக்கு உள்ளாகின்றன. யாரை, எதற்காக, எந்த அளவுக்குக் கேலி செய்யலாம் என்னும் ரசனை சார்ந்த கேள்வி இக்கலைவடிவத்துடன் பிரிக்க இயலாதவாறு இணைந்துள்ளது. தமிழ்த் தொலைக்காட்சியில் இக்கேள்வி 2022 ஆம் ஆண்டு சனவரியில் நடுவண் அரசின் அறிவிக்கை வரை சென்றது.

இலக்கணப் பின்னணி

தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைக்கிறது. அது தோன்றுவதற்கான நான்கு காரணங்களுள் எள்ளலையும் ஒன்றாகக் கூறுகிறது. செய்யுளியலில் அங்கதம் இரு வகையாகப் பிரிக்கப்படுகிறது. குறையை வெளிப்படையாக எடுத்துரைப்பது செம்பொருள் அங்கதம். பழிப்பை மறைத்து, வேறொன்றைச் சொல்வது போலச் சொல்வது பழிகரப்பு அங்கதம்.

இப்பகுப்பு செய்யுளுக்கு உரியது. ஆயினும் இன்றைய தொலைக்காட்சி நகைச்சுவையைப் புரிந்துகொள்ளவும் இது உதவுகிறது. ஓர் அமைச்சரின் குரலிலும் உடையிலும் தோன்றி நடிப்பது முதல் வகையை ஒத்தது. கற்பனை மன்னன் ஒருவனை அரியணையில் அமர்த்தி, அவன் வாயிலாக இன்றைய ஆட்சியைக் கேலி செய்வது இரண்டாம் வகையை ஒத்தது.

தமிழ் மேடை மரபு

தெருக்கூத்தில் வரும் கட்டியங்காரன் அரசனின் பணியாளாகக் கதைக்குள்ளும், ஊர்க்காரனாகக் கதைக்கு வெளியேயும் நிற்பவன். புராணக் கதையின் நடுவே ஊர்ப் பெரியவர்களையும் அன்றாட நிகழ்வுகளையும் கேலி செய்ய அவனுக்கு உரிமை உண்டு. இசை நாடகங்களில் பபூன் என்னும் கோமாளி இப்பணியைச் செய்கிறார்.

பல்லாவரத்தை அடுத்த பம்மலின் பெயரைத் தம் பெயரில் தாங்கிய பம்மல் சம்பந்த முதலியார் 1891 ஆம் ஆண்டு சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். கற்றவர்களும் பணியில் இருந்தோரும் பொழுதுபோக்காக நாடகம் நடிக்கும் வழக்கம் இத்தகைய சபைகளால் வளர்ந்தது. பிற்காலத்தில் இந்தச் சபா நாடகச் சூழலில் இருந்து வந்தவரே சோ ராமசாமி. அவருடைய முகமது பின் துக்ளக் நாடகம் 1968 இல் மேடையேறியது. 1971 இல் திரைப்படமானது. பதினான்காம் நூற்றாண்டின் தில்லி சுல்தான் இந்தியாவின் தலைமை அமைச்சர் ஆவதாக அமைந்த அக்கதை, பழிகரப்பு முறைக்கு ஏற்ற எடுத்துக்காட்டு ஆகும்.

மேடைக்குக் கட்டுப்பாடுகளும் இருந்தன. பிரித்தானிய அரசு 1876 இல் நாடக நிகழ்த்துகைச் சட்டத்தை இயற்றியது. விடுதலைக்குப் பின் சென்னை மாநிலத்தில் 1954 இல் தனி நாடகச் சட்டம் கொண்டுவரப்பட்டது. எம். ஆர். ராதாவின் நாடகங்களே இதற்குத் தூண்டுதலாக அமைந்தன எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. இச்சட்டத்தின் முதன்மையான பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013 இல் அரசியலமைப்புக்கு முரணானவை என அறிவித்தது. நாடகக் கலைஞரும் இதழாளருமான ஞாநி தொடர்ந்த வழக்கில் இத்தீர்ப்பு வழங்கப்பட்டது.

தமிழ்த் தொலைக்காட்சியில்

விஜய் தொலைக்காட்சியில் 2000களின் நடுப்பகுதியில் ஒளிபரப்பான லொள்ளு சபா, இராம்பாலாவின் இயக்கத்தில் தமிழ்த் திரைப்படங்களைப் பகடி செய்தது. சந்தானம், ஜீவா, மனோகர், சுவாமிநாதன் முதலியோர் இதில் நடித்தனர். அதே அலைவரிசையில் 2005 இல் தொடங்கிய கலக்கப்போவது யாரு நிகழ்ச்சி பலகுரல் கலையை ஒரு போட்டியாக்கி வீடுதோறும் கொண்டு சேர்த்தது. கோவை குணா, மதுரை முத்து, சிவகார்த்திகேயன், வடிவேல் பாலாஜி போன்றோர் இதன் வழியே அறியப்பட்டனர். சன் தொலைக்காட்சியில் அசத்தப்போவது யாரு நிகழ்ச்சி ஒளிபரப்பானது.

இந்நிகழ்ச்சிகளில் ஒலித்த குரல்களில் பெரும்பாலானவை திரைப்பட நடிகர்களுடையவை. பதவியில் இருக்கும் அரசியல்வாதியைப் பெயர் சொல்லி நடித்துக் காட்டுவது அரிதாகவே இருந்தது. இதற்குப் பின்வரும் காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, அலைவரிசைகளின் உரிமை. தமிழ்நாட்டில் பல தொலைக்காட்சிகள் அரசியல் கட்சிகளுடனோ அவற்றின் தலைவர்களின் குடும்பங்களுடனோ தொடர்புடையவை. 1993 இல் தொடங்கிய சன், 1999 இல் தொடங்கிய ஜெயா, 2006 இல் தொடங்கிய மக்கள், 2007 இல் தொடங்கிய கலைஞர், 2010 இல் தொடங்கிய கேப்டன் ஆகியவற்றை எடுத்துக்காட்டுகளாகக் குறிப்பிடலாம். ஒரு கட்சி சார்ந்த அலைவரிசையில் எதிர்க்கட்சித் தலைவரை நடித்துக் காட்டினால், அது நகைச்சுவையாக அன்றித் தேர்தல் பரப்புரையாகவே கொள்ளப்படும். சொந்தக் கட்சித் தலைவரைக் கேலி செய்வதோ எண்ணிப் பார்க்க இயலாதது. கட்சி சாராத அலைவரிசைகள் வணிகக் காரணங்களால் இரு தரப்பையும் தவிர்த்தன.

இரண்டாவது, திரைத்துறைக்கும் அரசியலுக்கும் உள்ள நெருக்கம். எம்.ஜி.ஆர், விஜயகாந்த், சரத்குமார், டி. இராஜேந்தர் ஆகியோர் நடிகர்களாகவும் கட்சித் தலைவர்களாகவும் இருந்தவர்கள். இவர்களின் திரை வசனத்தைப் போலப் பேசுவதாகக் காட்டிக்கொண்டே அரசியல் மேடைப் பேச்சையும் தொட்டுச் செல்லப் பலகுரல் கலைஞர்களால் முடிந்தது. நடிகர் என்னும் அடையாளம் ஒரு போர்வையாகப் பயன்பட்டது.

2010களின் பிற்பகுதியில் நேரடி அரசியல் கேலி இணையக் காணொளிகளுக்கு இடம்பெயர்ந்தது. கோபி, சுதாகர் இருவரும் நடித்த பரிதாபங்கள் காணொளிகள் இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை.

2022 ஆம் ஆண்டு நிகழ்வு

சீ தமிழ் தொலைக்காட்சியின் ஜூனியர் சூப்பர் ஸ்டார்ஸ் என்னும் சிறுவர் திறன் நிகழ்ச்சியின் நான்காம் பருவத்தில், 2022 சனவரி 15 அன்று இரு சிறுவர்கள் நடித்த குறுநாடகம் ஒளிபரப்பானது. அது 2006 இல் சிம்புதேவன் இயக்கத்தில் வடிவேலு நடித்து வெளிவந்த இம்சை அரசன் 23ம் புலிகேசி திரைப்படத்தின் மன்னனையும் அமைச்சனையும் தழுவி அமைந்திருந்தது. கறுப்புப் பணத்தை ஒழிப்பதற்காக நாணயங்களைச் செல்லாதவை ஆக்கித் தோல்வியுற்ற ஒரு மன்னன், விதவிதமான உடைகளுடன் வெளிநாடுகளைச் சுற்றும் ஒருவன் ஆகிய குறிப்புகள் அதில் இடம்பெற்றன. தலைமை அமைச்சர் நரேந்திர மோதியின் பெயர் சொல்லப்படவில்லை. எனினும் 2016 நவம்பரில் அறிவிக்கப்பட்ட பணமதிப்பிழப்பை நினைவில் கொண்ட பார்வையாளர்களுக்குக் குறிப்பு விளங்கியது. அரங்கில் சிரிப்பு எழுந்தது.

பாரதிய ஜனதா கட்சியின் தமிழ்நாட்டுத் தகவல் தொழில்நுட்பப் பிரிவின் அப்போதைய தலைவர் நிர்மல் குமார் இதனை எதிர்த்து அலைவரிசைக்குக் கடிதம் எழுதினார். பத்து வயதுக்கும் குறைந்த சிறுவர்கள் தாம் பேசுவதன் பொருளை அறிந்திருக்க மாட்டார்கள் என்பதும், தலைமை அமைச்சரை இழிவுபடுத்த அவர்கள் பயன்படுத்தப்பட்டனர் என்பதும் அவர் தரப்பு வாதங்கள். சனவரி 17 அன்று நடுவண் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்குமாறு நிறுவனத்துக்கு அறிவிக்கை அனுப்பியது. அப்பகுதியை இணையத்தளத்தில் இருந்து நீக்க அலைவரிசை ஒப்புக்கொண்டதாகக் கட்சித் தரப்பில் கூறப்பட்டது. இதற்கிடையே அக்காணொளி சமூக வலைத்தளங்களில் பரவலாகப் பகிரப்பட்டது.

அக்குறுநாடகம் பழிகரப்பு முறையில் அமைந்தது. யாரையும் பெயர் சொல்லாமல் கற்பனை மன்னனைக் காட்டுவது தமிழ் மேடையில் காலங்காலமாகக் காப்பாக இருந்து வந்துள்ளது. இந்நிகழ்வில் அக்காப்பு போதுமானதாக இல்லை. அதே வேளையில் எழுப்பப்பட்ட எதிர்ப்பில் இரு வேறு கேள்விகள் கலந்திருந்தன. ஒன்று, ஆட்சியாளரின் கொள்கையைக் கேலி செய்யலாமா என்பது. மற்றொன்று, அக்கேலியைச் சிறுவர்களைக் கொண்டு செய்விக்கலாமா என்பது. முதல் கேள்விக்கு ஆம் என்று விடையளிப்பவர் இரண்டாவதற்கு இல்லை என்று விடையளிக்க இயலும். இரண்டாவது கேள்வியை முன்வைத்து முதலாவதை அடைத்துவிடவும் இயலும். எனவே இவற்றைத் தனித்தனியே ஆராய்வது தேவையாகிறது.

ரசனை குறித்த கேள்விகள்

செயலும் உடலும்: ஒருவர் தாமே தேர்ந்துகொண்ட பேச்சுநடை, உடை, கொள்கை ஆகியவை கேலிக்கு உரியவை என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. பிறப்பால் அமைந்த உடலோ நோயோ அவ்வாறு கருதப்படுவதில்லை. விஜயகாந்தின் வசன நடை பலகுரல் கலைஞர்களுக்கு நெடுங்காலம் விருப்பமானதாக இருந்தது. வாழ்வின் இறுதி ஆண்டுகளில் உடல்நலக் குறைவால் அவருடைய பேச்சு தெளிவிழந்தது. அவர் 2023 டிசம்பர் 28 அன்று காலமானார். ஒரே மனிதரின் ஒரே குரல், ஒரு காலத்தில் நகைச்சுவைக்கும் பிறிதொரு காலத்தில் வன்மத்துக்கும் உரியதாகலாம் என்பதை இது உணர்த்துகிறது. ஐக்கிய அமெரிக்காவின் சாட்டர்டே நைட் லைவ் நிகழ்ச்சி 2008 டிசம்பரில் நியூயார்க் ஆளுநர் டேவிட் பேட்டர்சனின் பார்வைக் குறைபாட்டைக் கேலி செய்தபோதும் இதே காரணத்தால் கண்டனம் எழுந்தது.

பெண் அரசியல்வாதிகள்: ஆண் தலைவர்களைப் பற்றிய கேலி பெரும்பாலும் பேச்சைச் சுற்றியும், பெண் தலைவர்களைப் பற்றிய கேலி பெரும்பாலும் தோற்றத்தைச் சுற்றியும் அமைவது ஒரு குறைபாடாகச் சுட்டப்படுகிறது. தம் தலைமுடி, நிறம், உயரம் ஆகியவற்றை முன்வைத்துச் செய்யப்பட்ட கேலிகளைப் பற்றித் தமிழிசை சௌந்தரராஜன் பொதுவெளியில் பலமுறை பேசியுள்ளார்.

சிறுவர்கள்: குழந்தைக் கலைஞர்கள் நடிப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2017 இல் திருத்தப்பட்ட விதிகள், அவர்கள் நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் பணிபுரியக் கூடாது என்றும், விருப்பத்துக்கு மாறாக ஈடுபடுத்தப்படக் கூடாது என்றும் கூறுகின்றன. சிறுவரின் சொற்களுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் எழுதியவரும் தயாரித்தவரும் ஆவர். ஆனால் கண்டனம் எழும்போது மக்கள் நினைவில் நிற்பது திரையில் தோன்றிய சிறுவரின் முகமே என்பதால், இங்கு கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

சொல்லாததைச் சொன்னதாகக் கொள்ளுதல்: 2008 இல் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட சாரா பேலினை டீனா ஃபே நடித்துக் காட்டினார். தம் வீட்டில் இருந்தே ரஷ்யாவைக் காண முடிகிறது என்னும் பொருளில் ஃபே பேசிய வரியைப் பேலினே கூறியதாகப் பலர் இன்றும் நம்புகின்றனர். சிறந்த போலச்செய்தல், மூலத்தின் இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் இடர் உடையது என்பதற்கு இது சான்றாகும்.

சட்ட நிலை

இந்தியாவில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் 1995 ஆம் ஆண்டின் கம்பிவடத் தொலைக்காட்சி வலையமைப்புச் சட்டத்துக்கும், 1994 ஆம் ஆண்டின் விதிகளில் உள்ள நிகழ்ச்சி நெறிமுறைக்கும் உட்பட்டவை. நல்ரசனைக்கோ கண்ணியத்துக்கோ புறம்பான எதையும் ஒளிபரப்பக் கூடாது என்பது நெறிமுறையின் முதல் கூறு. நல்ரசனை எது என்பதற்கு அவ்விதிகளில் வரையறை இல்லை. ஆகவே முறையீடு செய்பவரின் ரசனைக்கும் அதனை ஆராயும் அலுவலரின் ரசனைக்கும் பேரளவு இடம் கிடைக்கிறது. 2021 இல் செய்யப்பட்ட திருத்தம், அலைவரிசை, தன்னொழுங்கு அமைப்பு, அரசு என மூன்று அடுக்குகளில் முறையீடுகளை ஆராய வழிவகுத்தது.

நீதிமன்றங்கள் பொதுவாகக் கேலிக்கு இடமளித்துள்ளன. நக்கீரன் இதழ் தொடர்பான 1994 ஆம் ஆண்டுத் தீர்ப்பில், அலுவல் சார்ந்த நடத்தை குறித்த விமரிசனத்துக்காகப் பொது ஊழியர்கள் எளிதில் இழப்பீடு கோர இயலாது என உச்ச நீதிமன்றம் கூறியது. 2010 இல் ஒரு பாடகர் தொடர்பான வழக்கில், கேலிச்சித்திரமும் பகடியும் பொதுவாக ஒருவரின் விளம்பர உரிமையை மீறுவன ஆகா எனத் தில்லி உயர் நீதிமன்றம் குறிப்பிட்டது. ஆயினும் தீர்ப்பு வருமுன்னரே நடவடிக்கை தண்டனையாகிவிடுவது உண்டு. சமயத் தலைவர் குர்மீத் ராம் ரகீம் சிங்கைத் தொலைக்காட்சியில் நடித்துக் காட்டியதற்காக நடிகர் கிக்கு சார்தா 2016 சனவரியில் கைது செய்யப்பட்டார்.

பிற இடங்களில்

கேரளத்தில் கொச்சி கலாபவன் 1981 இல் பலகுரல் கலையை மேடை நிகழ்ச்சியாக வளர்த்தெடுத்தது. ஏசியாநெட்டின் சினிமாலா நிகழ்ச்சி, கருணாகரன், நாயனார், அந்தோணி முதலிய தலைவர்களைப் பெயருடனும் தோற்றத்துடனும் காட்டியது. இந்தித் தொலைக்காட்சியில் சேகர் சுமன் நடத்திய மூவர்ஸ் அண்ட் ஷேக்கர்ஸ் அடல் பிகாரி வாச்பாயின் பேச்சுநடையைக் கேலி செய்தது. இதற்கு மாறாக, 2017 இல் சியாம் ரங்கீலா ஒரு நகைச்சுவைப் போட்டியில் மோதியைப் போலப் பேசிய பகுதி ஒளிபரப்பப்படவில்லை. இணையத்தில் கசிந்த பின்னரே மக்கள் அதனைக் கண்டனர்.

ஐக்கிய இராச்சியத்தில் 1984 முதல் 1996 வரை ஒளிபரப்பான ஸ்பிட்டிங் இமேச், பொம்மைகள் மூலம் அரச குடும்பத்தையும் அமைச்சர்களையும் கேலி செய்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1975 இல் செவி சேஸ், உருவ ஒப்பனை ஏதுமின்றியே குடியரசுத் தலைவர் ஃபோர்டை இடறி விழுபவராகக் காட்டினார். மறு ஆண்டு ஃபோர்டின் பத்திரிகைச் செயலாளரே அந்நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார் என்பது குறிப்பிடத்தக்கது.

செயற்கைக் குரல்கள்

2024 சனவரியில் மறைந்த மு. கருணாநிதியின் உருவமும் குரலும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டு ஒரு விழாவில் உரையாற்ற வைக்கப்பட்டன. அடுத்த மாதம் மறைந்த ஜெ. ஜெயலலிதாவின் குரல் அதே முறையில் வெளியிடப்பட்டது. இரண்டுமே கேலிக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவரவர் கட்சியினரே வெளியிட்டவை.

பலகுரல் கலைஞர் எவ்வளவு திறமையுடன் பேசினாலும் மேடையில் நிற்பவர் வேறொருவர் என்பது பார்வையாளருக்குத் தெரியும். குரலுக்கும் ஆளுக்கும் இடையே உள்ள அந்த இடைவெளியில்தான் சிரிப்புப் பிறக்கிறது. செயற்கைக் குரல் அந்த இடைவெளியை மறைக்கவே முயல்கிறது. ஆகவே இவ்விரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பதும், போலிக் காணொளிகளைத் தடுக்க வகுக்கப்படும் விதிகளைப் பலகுரல் கலைஞர்கள் மீது செலுத்துவதும் பொருத்தமாகாது.