கத்தி வைக்காமல் புராஸ்டேட் புற்றுநோய் சிகிச்சை: 'ஹைஃபு' என்றால் என்ன? அதற்காக பிரான்ஸ் வரை போகத்தான் வேண்டுமா?

"அப்பா, இங்க வந்துருங்க. கத்தியே வைக்காம, சவுண்டாலயே கட்டியை எரிச்சிடுறாங்களாம்."

பாரிஸில் இருந்து மகன் இப்படி போன் செய்தால், போலகத்தில் இருக்கும் 66 வயது அப்பா என்ன முடிவெடுப்பார்? இது ஒரு கற்பனை உதாரணம்தான். ஆனால் காரைக்கால் பகுதிக்கு இது புதிய பேச்சு அல்ல. 1962-ல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவிடம் வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள இங்குள்ளவர்களுக்கு வாய்ப்பு தரப்பட்டது. அதனால் இன்றும் பல குடும்பங்களில் ஒரு கால் காரைக்காலில், ஒரு கால் பிரான்ஸில்.

மகன் சொல்லும் அந்த சிகிச்சையின் பெயர் 'ஹைஃபு'. அதாவது, அதிக வீரியம் கொண்ட ஒலி அலைகளை ஒரே புள்ளியில் குவிக்கும் முறை. நிலத்தை விற்று, கடன் வாங்கி விமானம் ஏறும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

ஒலி எப்படி கட்டியை அழிக்கிறது?

பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்தால் கீழே இருக்கும் காகிதம் கருகும். கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவில் கையை நீட்டினால் அந்த அளவுக்குச் சுடாது. வெயில் குவியும் புள்ளியில் மட்டும்தான் அவ்வளவு சூடு. ஹைஃபுவின் அடிப்படையும் இதேதான்.

புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் ஒட்டியபடி இருக்கிறது. மயக்க மருந்து கொடுத்த பிறகு, ஆசனவாய் வழியாக ஒரு கருவியை உள்ளே செலுத்துவார்கள். ஸ்கேன் எடுப்பதும், சூடு வைப்பதும் அதே கருவிதான். அரிசி மணி அளவுள்ள ஒரு சிறு இடம் சில விநாடிகளில் கடுமையாகச் சூடாகி, அங்குள்ள செல்கள் இறந்துவிடும். பிறகு பக்கத்து இடம், அதற்குப் பக்கத்து இடம் என்று புள்ளி புள்ளியாக நகரும். பொதுவாக ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். வீக்கம் வடியும் வரை சில நாட்கள் சிறுநீர் போக டியூப் இருக்கும்.

இது எங்கே தொடங்கியது?

காரைக்கால்காரர்களுக்குப் பரிச்சயமான நாட்டில்தான். பிரான்ஸின் லியோன் நகரில் 1990-களின் தொடக்கத்தில் புராஸ்டேட் புற்றுநோயாளிகளிடம் இந்த முறை சோதிக்கப்பட்டது. பிறகு ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பரவியது.

அமெரிக்காவில் 2015 வரை இதற்கு அனுமதி இல்லை. அதனால் வசதி படைத்த அமெரிக்கர்கள் கனடா, மெக்சிகோ என்று விமானம் ஏறினார்கள். இன்சூரன்ஸ் கிடைக்காமல், கைக்காசு போட்டு சிகிச்சை எடுத்தார்கள்.

2015 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முதல் கருவிக்கு ஒப்புதல் தந்தது. ஆனால் அந்த ஒப்புதலின் வார்த்தைகள் முக்கியம். 'புராஸ்டேட் திசுவை அழிக்கும் கருவி' என்றுதான் அனுமதி. 'புற்றுநோயைக் குணப்படுத்தும் கருவி' என்று அல்ல. விளம்பரங்களில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் காணாமல் போய்விடும்.

யாருக்குப் பொருந்தும்? யாருக்குப் பொருந்தாது?

புற்று சுரப்பிக்குள்ளேயே இருக்க வேண்டும். எலும்புக்கோ நிணநீர் முடிச்சுகளுக்கோ பரவியிருந்தால் ஹைஃபு அந்த நோயைக் குணப்படுத்தாது. அங்கே ஹார்மோன் சிகிச்சையும் மருந்துகளும்தான் முதன்மை.

சுரப்பி மிகப் பெரிதாக இருந்தாலும், உள்ளே சுண்ணாம்புப் படிவுகள் இருந்தாலும் சிக்கல். ஒலி அலை படிவில் மோதித் திரும்பிவிடும். கட்டி சுரப்பியின் முன்பக்கத்தில், மலக்குடலில் இருந்து தள்ளி இருந்தால் கருவியின் வீச்சு எட்டாமல் போகலாம்.

ஆக, "எனக்கு ஹைஃபு செய்ய முடியுமா?" என்ற கேள்விக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், பயாப்ஸி முடிவும் பார்க்காமல் எந்த டாக்டராலும் போனில் பதில் சொல்ல முடியாது.

அறுவை சிகிச்சையைவிட நல்லதா?

பிரான்ஸில் 46 மருத்துவமனைகளில், 3,300-க்கும் மேற்பட்டவர்களிடம் 'ஹைஃபை' என்ற பெரிய ஆய்வு நடந்தது. இரண்டரை ஆண்டு முடிவில், கூடுதல் சிகிச்சை தேவைப்படாமல் இருந்தவர்களின் அளவில் ஹைஃபு, அறுவை சிகிச்சைக்குக் குறைந்ததாக இல்லை. சிறுநீர் கசிவும், தாம்பத்திய உறவுப் பிரச்சினையும் ஹைஃபு எடுத்தவர்களுக்குக் குறைவாக இருந்தன.

நல்ல செய்திதான். ஆனால் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. ஒன்று, யாருக்கு எந்த சிகிச்சை என்பது குலுக்கல் முறையில் முடிவு செய்யப்படவில்லை. இரண்டு, மெதுவாக வளரும் இந்தப் புற்றுக்கு இரண்டரை ஆண்டு என்பது சின்ன காலம். கட்டி இருக்கும் பகுதியை மட்டும் சுடும் சிகிச்சையை ஆய்வுகளுக்குள்ளோ, முறையான பதிவேட்டில் கண்காணித்தபடியோதான் செய்ய வேண்டும் என்று ஐரோப்பிய சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது.

பக்க விளைவே இல்லையா?

'கத்தி இல்லை' என்றால் 'பாதிப்பு இல்லை' என்று அர்த்தம் இல்லை.

• சிறுநீர் அடைப்பு, நோய்த்தொற்று, சிறுநீர்ப் பாதை சுருங்குதல் வரலாம்.
• சிலருக்கு சிறுநீர் கசிவும், விறைப்புத்தன்மைக் குறைவும் ஏற்படலாம்.
• அரிதாக, சிறுநீர்ப் பாதைக்கும் மலக்குடலுக்கும் இடையே துளை விழலாம். இது கடுமையான சிக்கல்.
• மீதமுள்ள சுரப்பியில் புற்று மறுபடி வரலாம். அப்போது மீண்டும் ஹைஃபுவோ, அறுவையோ, கதிர்வீச்சோ தேவைப்படும். சுட்ட இடத்தில் அறுவை செய்வது முதல் தடவையைவிடக் கடினம்.

அதனால் சிகிச்சை முடிந்த பிறகும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் பயாப்ஸி என்று பல ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும். பாரிஸில் செய்துவிட்டு போலகம் திரும்பினால், அந்தக் கண்காணிப்பை யார் செய்வது? டிக்கெட் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தால் இலவசமா?

இங்கேதான் பலரும் தவறாக நினைக்கிறார்கள். பிரான்ஸின் பொது மருத்துவக் காப்பீடு பாஸ்போர்ட்டைப் பார்த்து மட்டும் கிடைப்பதில்லை. அங்கே வேலை பார்ப்பவரா, நிலையாக வசிப்பவரா என்பதுதான் அடிப்படை. காரைக்காலிலேயே குடியிருப்பவர், பிரெஞ்சுக் குடிமகன் என்பதற்காக மட்டும் நேராகப் போய் இலவச சிகிச்சை கேட்க முடியாது.

இந்திய பாஸ்போர்ட் உள்ளவர் விசா எடுக்க வேண்டும். மருத்துவமனையின் ஒப்புதல் கடிதம், செலவு மதிப்பீடு, பணத்துக்கான ஆதாரம் எல்லாம் கேட்பார்கள். இங்கிருந்து பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை வழி உண்டு. 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் வங்கி டி.சி.எஸ். வரி பிடிக்கும். வருமான வரிக் கணக்கில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

ஆயுஷ்மான் பாரத் அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. 70 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் 2024 அக்டோபர் முதல் அது விரிவாக்கப்பட்டது. ஆனால் அது இந்தியாவில் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளுக்கு மட்டும்தான். வெளிநாட்டுச் செலவுக்கு அது உதவாது.

அவசரமா?

'புற்றுநோய்' என்ற வார்த்தை கேட்டதும் நாளைக்கே ஏதாவது செய்தாக வேண்டும் என்று பதற்றம் வரும். பிரிட்டனில் 1,643 ஆண்களை சராசரியாக 15 ஆண்டுகள் தொடர்ந்த 'புரொடெக்ட்' ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. அவர்களுக்குப் புற்று சுரப்பிக்குள்ளேயே இருந்தது. அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என எதை எடுத்திருந்தாலும், 100-ல் சுமார் 97 பேர் அந்தப் புற்றுநோயால் இறக்கவில்லை.

எல்லா புராஸ்டேட் புற்றும் இப்படி சாது அல்ல. வேகமாகப் பரவும் வகையும் உண்டு. ஆனால் ஆரம்ப நிலையில், குறைந்த ஆபத்துள்ள வகை என்று பயாப்ஸி சொன்னால், யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்கிறது. பலருக்கு உடனடி சிகிச்சையே வேண்டாம், கண்காணித்தாலே போதும் என்று டாக்டர்கள் சொல்வதும் உண்டு.

முதலில் எங்கே போகலாம்?

பி.எஸ்.ஏ. 4-ஐத் தாண்டினாலே புற்று என்று அர்த்தம் இல்லை. வயதால் சுரப்பி வீங்கினாலும், சிறுநீர்த் தொற்று இருந்தாலும் அது ஏறும். முதலில் சிறுநீரகவியல் டாக்டரைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

காரைக்காலில் இருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் புதுச்சேரி ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. சென்னையில் அடையாறு புற்றுநோய் நிறுவனம் இருக்கிறது. மும்பை டாடா மெமோரியல் டாக்டர்களின் இரண்டாவது கருத்தை 'நவ்யா' என்ற இணையவழி சேவை மூலம் வீட்டில் இருந்தே பெறலாம்.

அங்கே கேட்க வேண்டியவை நான்கே நான்கு: என் புற்று எந்த கிரேடு? சுரப்பியைத் தாண்டிப் போயிருக்கிறதா? இப்போதே சிகிச்சை தேவையா, கண்காணிக்கலாமா? ஹைஃபு எடுத்தால், அது பலிக்காமல் போகும்போது அடுத்த வழி என்ன?

இந்த நான்குக்கும் பதில் எழுதி வாங்கிய பிறகு மகனுக்குத் திரும்பப் போன் போடலாம். பாரிஸ் போவதா வேண்டாமா என்பதை அப்பாவும் மகனும் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், நிலமும் மிஞ்சும், உடம்பும் மிஞ்சும்.