பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால்

ஜீப் செரோக்கியின் எக்ஸ்ஜே ரகம் 1984 முதல் 2001 வரை அமெரிக்காவில் விற்பனையான வண்டி. பாறையும் சேறுமான தடங்களில் ஓட்டுகிறவர்கள் அதை இன்றும் விடுவதாக இல்லை. ஆனால் பெரிய டயர் மாட்டியதும் அதன் பலவீனம் பின்னால் தெரிந்துவிடும். பல வண்டிகளில் இருப்பது டேனா 35 என்ற பின் ஆக்சில். முறுக்கு விசை மிஞ்சினால் அதன் சக்கரத் தண்டு ஒடிந்துபோகும். அதற்கு மாற்றாகப் பலரும் தேடுவது, 1995 முதல் 2001 வரையிலான ஃபோர்டு எக்ஸ்புளோரரின் 8.8 அங்குல ஆக்சிலை. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடங்களில் அது எளிதாகக் கிடைக்கும்.

8.8 என்பது உள்ளே சுழலும் கிரவுன் வீலின் விட்டம். டேனா 35-இல் அது ஏறத்தாழ 7.6 அங்குலம்தான். சக்கரத் தண்டின் முனையில் டேனாவுக்கு 27 பல், ஃபோர்டுக்கு 31. தண்டு கொஞ்சம்தான் தடிமன் கூடுகிறது. பலம் அப்படிக் கொஞ்சமாகக் கூடுவதில்லை. முறுக்கைத் தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. 10 சதவீதம் தடித்த தண்டு, ஏறக்குறைய 33 சதவீதம் கூடுதலாகத் தாங்கும். இரண்டு ஆக்சில்களின் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றே. சக்கரத்தைப் பிடிக்கும் ஐந்து போல்ட்டுகளும் இரண்டிலும் 114.3 மி.மீ. வட்டத்தில்தான் அமைந்திருக்கின்றன. வெவ்வேறு கம்பெனி வண்டிகளுக்குள் இப்படி ஒரு பொருத்தம் அமைவது அபூர்வம்.

மற்றது எதுவும் தானாகப் பொருந்தாது. ஃபோர்டின் ஸ்பிரிங் தாங்கிகளை வெட்டியெடுத்து, ஜீப்பின் லீஃப் ஸ்பிரிங்குக்கு ஏற்ற இடத்தில் புதியவற்றைப் பற்றவைக்க வேண்டும். எந்தக் கோணத்தில் என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் உள்ள யூனிவர்சல் ஜாயிண்ட், சாய்ந்து சுழலும்போது வேகத்தைச் சீராகக் கடத்தாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து, இருமுறை தளரும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் ஜாயிண்டுகள் சமமான கோணத்தில் இருந்தால், முதல் ஜாயிண்ட் உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தை இரண்டாவது சரிசெய்துவிடும். கோணம் தவறினால் வண்டி அதிரும். அதனால் முதலில் பொட்டு பொட்டாக மட்டும் பற்றவைத்து, வண்டியின் எடையைச் சக்கரங்கள்மேல் இறக்கிக் கோணத்தை அளந்து, பிறகுதான் முழுதாகப் பற்றவைப்பார்கள். அதையும் இடைவெளி விட்டு விட்டுச் செய்வார்கள். ஒரே மூச்சில் பற்றவைத்தால் சூட்டில் ஆக்சில் குழாய் வளைந்துவிடும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் முன் ஆக்சிலின் பல் விகிதமும் பின்னதும் ஒன்றாக இருந்தாக வேண்டும்.

இத்தனையும் முடிந்து வண்டி ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்குக் கவலை அங்கேதான் தொடங்குகிறது. எக்ஸ்ஜேயின் பின்சக்கரங்களில் டிரம் பிரேக். வந்து சேர்ந்த ஃபோர்டு ஆக்சிலில் டிஸ்க் பிரேக். இரண்டும் பிரேக் பிடிக்கும் விதம் வேறு.

டிரம்முக்குள் ஷூ விரிந்து உரசும்போது, சுழலும் டிரம் முன் ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். மிதியில் கொடுத்த விசைக்கு மேல் கொஞ்சம் இனாமாகக் கிடைக்கிறது. டிஸ்க்கில் அந்த இனாம் இல்லை; அழுத்தம் முழுவதும் பிரேக் ஆயிலிலிருந்தே வர வேண்டும். அதற்காக, டிஸ்க்கைக் கவ்வும் காலிபரின் பிஸ்டனைப் பெரிதாக வைக்கிறார்கள். விட்டம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு, விசையும் நான்கு மடங்கு. ஆனால் அதே தூரம் நகர நான்கு மடங்கு ஆயில் வேண்டும். இங்கே ஒரு சின்ன ரப்பர் வளையம் கைகொடுக்கிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டு சீல், பிஸ்டன் முன்னால் போகும்போது வழுக்காமல் லேசாக முறுகி நிற்கும். மிதியை விட்டதும் நிமிர்ந்து, பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கும். திரும்புவதற்கு அங்கே வேறு ஸ்பிரிங் கிடையாது. இடைவெளி அவ்வளவு சிறிதாக இருப்பதால்தான் பெரிய பிஸ்டனுக்கும் ஆயில் போதுமாகிறது.

எவ்வளவு பிரேக் பின்னால் வேண்டும்? 1,500 கிலோ வண்டி. நிற்கும்போது முன்னால் 825, பின்னால் 675 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடையின் மையம் தரையிலிருந்து 65 செ.மீ. உயரம்; சக்கர இடைத்தூரம் எக்ஸ்ஜேக்கு 2.58 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தில் 80 சதவீதம் வரும்படி அழுத்திப் பிடித்தால், சுமார் 300 கிலோ பின்னிருந்து முன்னுக்குப் பெயரும். பின்சக்கரங்கள்மேல் மிஞ்சுவது 375 கிலோ, அதாவது மொத்தத்தில் கால் பங்கு. அதற்குமேல் அங்கே பிரேக் போட்டால் டயர் பூட்டிக்கொண்டு வழுக்கும். வழுக்கும் டயருக்குப் பக்கவாட்டுப் பிடிமானம் போய்விடுகிறது. முன்சக்கரம் பூட்டினால் ஸ்டீரிங் கேட்காது, ஆனாலும் வண்டி நேராகப் போகும். பின்சக்கரம் முதலில் பூட்டினால் வண்டியின் பின்பகுதி முன்பகுதியை முந்தப் பார்க்கும், வண்டி சுழன்றுவிடும்.

இதைத் தடுக்கத்தான் பின்பக்க ஆயில் அழுத்தத்தைக் குறைத்து அனுப்பும் புரொப்போர்ஷனிங் வால்வ் இருக்கிறது. ஜீப்பில் இருப்பது டிரம்முக்காகக் கணக்கிட்டது. டிஸ்க் வந்த பிறகு பின் பிரேக் மந்தமாகவும் ஆகலாம், மிஞ்சியும் போகலாம். பிஸ்டன் அளவும் டிஸ்க்கில் உரசும் பேடின் உராய்வும்தான் அதைத் தீர்மானிக்கும். ஆகவே திருகி மாற்றக்கூடிய வால்வைப் பின் லைனில் வைத்து, அழுத்தத்தை நன்றாகக் குறைத்துத் தொடங்கி, ஆளில்லாத வெட்டவெளியில் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும். எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்பதை ஒருவர் தள்ளி நின்று கவனிக்கட்டும். ஈரத் தரையிலும் காய்ந்த தரையிலும் முன்சக்கரமே முதலில் பூட்டும்வரை அந்த வண்டியைச் சாலைக்குக் கொண்டுவராதீர்கள்.