இரும்புக் குழாயின் நிறையைக் கணித்தறிதல்

கிணற்று நீரை இறைத்துப் பயிர் செய்யும் கமக்காரர் பலர் இன்று பி.வி.சி. குழாய்களை வாங்குகின்றனர். எனினும், பம்பியை அடுத்தும், வெயிலும் அடியும் படும் இடங்களிலும் நாகமுலாம் பூசிய இரும்புக் குழாயைப் பொருத்துவோரும் உளர். இக்குழாயின் ஆயுள் அதன் சுவர்த் தடிப்பைப் பெரிதும் சார்ந்தது. மெல்லிய சுவரில் புரி வெட்டினால் எஞ்சும் உலோகம் சிறிதே. அவ்விடம் துருவேறித் துளைபட்டால் உறிஞ்சு குழாயினுள் காற்றுப் புகும். பம்பி நீரை எடுக்காது. மிளகாயும் வெங்காயமும் நீருக்கு வாடும் நாளில் இது நேரின், நட்டம் குழாயோடு நில்லாது.

தடித்த குழாயும் மெல்லிய குழாயும் வெளிவிட்டத்தில் ஒத்திருப்பதால், பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாட்டை நிறையே காட்டும்.

கணக்கின் அடிப்படை

குழாயை நீளவாக்கிற் பிளந்து விரித்தால் அது ஒரு தகடாகும். வெளிவிட்டத்திலிருந்து தடிப்பைக் கழித்து 3.1416 ஆற் பெருக்கினால் தகட்டின் அகலம் கிடைக்கும். அகலத்தைத் தடிப்பாற் பெருக்க வெட்டுமுகப் பரப்பு வரும். 1 சதுர மில்லிமீற்றர் வெட்டுமுகமும் 1 மீற்றர் நீளமுமுள்ள உருக்கின் நிறை 7.85 கிராம். 3.1416 ஐ 7.85 ஆற் பெருக்கினால் 24.66 ஆகும். ஆகவே,

(வெளிவிட்டம் − தடிப்பு) × தடிப்பு × 24.66 = 1 மீற்றர் குழாயின் நிறை, கிராமில்.

விட்டமும் தடிப்பும் மில்லிமீற்றரில் இருத்தல் வேண்டும்.

அளக்கும் முறை

“2 அங்குலக் குழாய்” என்பது பெயரளவே. அதன் வெளிவிட்டம் ஏறக்குறைய 60.3 மில்லிமீற்றர். குழாயைச் சுற்றி நூலைப் பிடித்து, அந்நீளத்தை 3.1416 ஆல் வகுத்தால் வெளிவிட்டம் கிடைக்கும். தடிப்பைப் புரி வெட்டாத முனையில் அளத்தல் வேண்டும்.

எடுத்துக்காட்டு

தடிப்பு 3.6 மில்லிமீற்றராயின், 56.7 × 3.6 × 24.66 = 5,034 கிராம். 6 மீற்றர்க் குழாய் 30.2 கிலோகிராம் நிறுக்கும்.

தடிப்பு 2.9 மில்லிமீற்றராயின், 57.4 × 2.9 × 24.66 = 4,105 கிராம். 6 மீற்றர்க் குழாய் 24.6 கிலோகிராமே நிறுக்கும்.

ஒரு குழாயில் 5.6 கிலோகிராம் வேறுபாட்டைச் சாதாரணத் தராசே காட்டிவிடும். நாகமுலாம் நிறையைச் சிறிது கூட்டும். தயாரிப்பிலும் சிறு ஏற்றத்தாழ்வு உண்டு. ஆதலின் சிறு வேறுபாட்டைக் குறையாகக் கொள்ளற்க. 3.6 மில்லிமீற்றர் எனக் கூறி விற்கப்படும் குழாய் 25 கிலோகிராமளவே நிறுப்பின், அது மெல்லிய குழாய் எனத் துணியலாம். விலை கொடுக்குமுன் ஒரு குழாயையேனும் நிறுத்துப் பார்த்தல் நன்று.