கரும்பு வெட்டுக்கு முன், வெட்டுக்குப் பின்

‘5 5 5’ என்று எழுதிக் காட்டி, இதில் எத்தனை எண் இருக்கிறது என்று கேட்கிறார்கள். ‘மூன்று’ என்று சொல்ல வேண்டும். வாயில் என்னவோ ‘ஐந்து’தான் முந்திக்கொண்டு வருகிறது. அந்த அவசரத்தை இழுத்துப் பிடிக்கும் வேலையில் பெரும்பங்கு நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணிக்கு.

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் இந்த வகைச் சோதனைகளை அறுவடைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை நடத்தினார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்டோரின் இந்த ஆய்வு 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. வெட்டுக்கு முன் நூற்றுக்கு 78 பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பின் 4 பேர்தான். அதே ஆள், அதே மூளை. ஆனால் கையில் காசில்லாத நாட்களில் விடை தாமதமானது, தப்பும் கூடியது. வெயில் மழையைக் குறை சொல்ல வழியில்லை. சர்க்கரை ஆலை எல்லோருக்கும் ஒரே நாளில் கட்டிங் ஆர்டர் கொடுப்பதில்லை. ஒருவர் வெட்டி முடித்திருப்பார், பக்கத்துக் கொல்லைக்காரர் காத்துக்கொண்டிருப்பார்.

மன அழுத்தம் மட்டுமே இதற்குக் காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை. கடன் நினைப்பே மூளையில் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்கிறார்கள். ஆனால் அழுத்தத்துக்கும் இதில் பங்கில்லாமல் இருக்குமா என்ன? அது முற்றும்போது நார்அட்ரினலின் போன்ற வேதிப்பொருட்கள் பெருகி, முன்மூளைப் புறணியின் நரம்பு இணைப்புகள் தளர்ந்துபோவதை யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் காட்டியிருக்கிறார். அப்போது பயத்தைக் கவனிக்கும் அமிக்டலாவும் பழைய பழக்கங்களும் கடிவாளத்தைப் பிடித்துக்கொள்கின்றன. காலடியில் பாம்பு நெளிந்தால் இது உயிரைக் காக்கும். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நேரத்துக்கு ஆகாது.

போர்ச்சுகல் ஆய்வாளர்கள் எலிகளை 21 நாட்கள் விதவிதமாகத் தொல்லைப்படுத்திப் பார்த்தார்கள். அதன் பிறகு, வயிறு நிறைந்திருந்தும் அந்த எலிகள் தீனிக்கான நெம்புகோலை அழுத்திக்கொண்டே இருந்தன. மூளையில் யோசித்துச் செய்யும் பகுதியின் நரம்புக் கிளைகள் சுருங்கி, பழக்கத்துக்கான பகுதியின் கிளைகள் வளர்ந்திருந்தன. 2009இல் வந்த ஆய்வு இது.

அதே ஆண்டில் வெளியான இன்னொரு ஆய்வில், அமெரிக்காவில் பெரிய தேர்வுக்கு மண்டையை உடைத்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவர்களைச் சோதித்தபோது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கவனத்தை மாற்ற அவர்கள் தடுமாறினார்கள். தேர்வு முடிந்து ஒரு மாதம் நிம்மதியாக இருந்த பிறகு, தடுமாற்றம் போய்விட்டது. தேர்வு என்றைக்கு முடியும் என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆலையிலிருந்து நிலுவை எப்போது வரும் என்று கரும்புக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.