தோற்பதற்கு உரிமை இல்லாதவர்கள்

வேலையிடத்துத் தோல்வி பயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைப் பெரும்பாலும் ஊழியரின் மனசுக்குள்ளேயே தேடுகிறார்கள். தன்னம்பிக்கை போதாது, வளர்ப்பு சரியில்லை, ஒரு பயிற்சி வகுப்பு வைத்தால் தீர்ந்துவிடும் என்பதாகப் போகும் அந்தப் பேச்சு. இந்த பயத்தை உற்பத்தி செய்வது யார், அதனால் யாருக்கு ஆதாயம் என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை.

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வாடிக்கையாளர் குடும்பத்தின் தலையிலும் கணக்கு, அட்டை, கடன் என்று எட்டையாவது கட்டிவிட வேண்டும் என்பது நிர்வாகம் வைத்த இலக்கு. கிளைகளில் விற்பனை எண்ணிக்கை நாள்தோறும் கண்காணிக்கப்பட்டது. எண் குறைந்தால் கண்டிப்பு. தொடர்ந்து குறைந்தால் வேலை போகும். விளைவு, வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் பெயரில் கணக்குகள் முளைத்தன. 2016 செப்டம்பரில் விவகாரம் வெடித்தபோது சந்தேகத்துக்குரியவை சுமார் 20 லட்சம் என்றார்கள். மறுவருஷம் அது 35 லட்சம் ஆயிற்று.

வங்கித் தலைவர் ஜான் ஸ்டம்ப், திட்டமிட்ட ஏற்பாடு எதுவும் இல்லை என்று செனட் விசாரணையில் சொன்னார். அதற்குள் சில வருஷங்களில் சுமார் 5,300 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். பெரும்பாலோர் கீழ்மட்ட ஊழியர்கள். தனிமனித ஒழுக்கக்கேடு என்று கணக்கை முடித்துவிடலாம்தான். ஆனால் பயம் இங்கே செய்த வேலையைக் கவனிக்க வேண்டும். 'முடியலை'ன்னு சொன்னா வேலை போயிடும். பொய்யா ஒரு கணக்கு திறந்தா இன்னிக்குத் தப்பிக்கலாம். அந்தப் பொய் எண் மேலே போகிறது. மேலே இருக்கிறவர், 'பார், முடியுதே' என்கிறார். நடைமுறைக்கு ஒவ்வாத இலக்கு இப்படித்தான் நியாயமானதாகிறது. அடுத்த கிளை ஊழியரை அடிக்க அதுவே பிரம்பாகவும் ஆகிறது.

கண்காணிக்கப்படுகிறவர் தன்னைத் தானே கண்காணிக்கத் தொடங்குவதை, சிறை பற்றிய தனது 1975ஆம் ஆண்டு நூலில் ஃபூக்கோ விளக்கினார். இங்கே இன்னொன்றும் நடக்கிறது. கண்காணிக்கும் கண்ணுக்குப் பிடித்தமானதை மட்டும் காட்ட அவர் கற்றுக்கொள்கிறார். அதிகாரம் குருடாகிறது, மாட்டிக்கொள்ளும் வரை அந்தக் குருட்டுத்தனம் அதற்கு வசதியாகவும் இருக்கிறது.

பயம் குறைந்த இடத்தில் என்ன ஆகும்? ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களை ஆராய்ந்து 1996இல் எழுதிய கட்டுரை இதற்கு உதவும். நல்ல தலைமையுள்ள குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே பிழையை வெளியே சொல்ல முடிந்தது என்பதே அவர் தந்த விளக்கம்.

ஆகவே 'தைரியமா இரு' என்று தனி ஊழியருக்குச் சொல்லும் உபதேசம் பொருளற்றது. வெல்ஸ் ஃபார்கோவிலும் தைரியமாக உள்ளுக்குள் புகார் சொன்ன ஒரு மேலாளர் இருந்தார். 2010இல் அவரை வெளியே அனுப்பினார்கள். மறுபடி வேலை கொடுக்கச் சொல்லி அரசின் உத்தரவு வர 2017 ஆயிற்று. அத்தனை வருஷம் தனியாகத் தாக்குப்பிடிக்க எத்தனை பேரால் முடியும்? கூலி உயர்வு கேட்கும் சங்கங்கள், இலக்கை யார் வைப்பது, 'முடியாது' என்று சொன்னவருக்கு என்ன பாதுகாப்பு என்பதையும் சேர்த்தே கேட்டாக வேண்டும்.